ஒரு விமானம், ஒரு நாள்: ஸ்பிட்ஃபயர் மாடலுக்கு டெக்காலும் துணைநூலும் தேர்ந்தெடுக்கும் முறை

விமான மாடல் கட்டும் கிட் பெட்டியைத் திறந்ததும் எல்லார் கையும் சாம்பல் நிற பிளாஸ்டிக் சட்டங்களுக்குத்தான் போகும். பெட்டியின் அடியில், மெல்லிய மேல்தாள் போர்த்திக்கொண்டு இன்னொரு சின்னத் தாள் கிடக்கும். அதில் வண்ண வட்டங்களும் சாம்பல் எழுத்துகளும் இருக்கும். லென்ஸ் வைத்துப் படிக்க வேண்டிய எச்சரிக்கை வாசகங்களும் இருக்கும். அதுதான் டெக்கால், தண்ணீரில் நனைத்து மாடல்மேல் ஒட்டும் படம். பிளாஸ்டிக் நமக்குச் சொல்வது 'இது ஸ்பிட்ஃபயர்' (இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் போர் விமானம்) என்பதை மட்டும். எந்தப் படையணியின் ஸ்பிட்ஃபயர், யார் ஓட்டியது, எந்த மாதத்தில் அது அப்படி இருந்தது என்பதையெல்லாம் சொல்வது அந்தத் தாள்தான். அது சொல்வது சரிதானா என்று பார்க்கத்தான் நமக்குப் புத்தகம் வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் பசை, பெயின்ட், ஏர்பிரஷ் பற்றி நிறையக் கேட்கிறார்கள். டெக்காலைப் பற்றிக் கேட்கும்போது பெரும்பாலும் மாடல் கெட்டுப்போயிருக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் டெக்காலையும் புத்தகத்தையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எடுத்துக்காட்டாக 1940 கோடைக்கால ஸ்பிட்ஃபயர் மார்க் 1, அதாவது ஸ்பிட்ஃபயரின் முதல் வகை. இந்த விமானத்தைச் சொல்லக் காரணம் உண்டு. சின்னக் கிட், பெரிய கிட் என்று எல்லா விலையிலும் கிடைக்கிறது. எழுதப்பட்ட புத்தகங்களுக்கும் குறைவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஒரே வருடத்தில் அதன் சின்னங்கள் பலமுறை மாறின. இதில் பழகிவிட்டால் மற்ற விமானங்களுக்குப் போவது எளிது.

முதலில் நாளை முடிவு செய்யுங்கள்

'ஒரு ஸ்பிட்ஃபயர் கட்டப் போகிறேன்' என்று தொடங்காதீர்கள். 'இந்த எண் கொண்ட ஸ்பிட்ஃபயர், இந்த மாதத்தில் இருந்தபடி' என்று தொடங்குங்கள். போர் விமானத்தின் தோற்றம் நிலையானதல்ல. பழுது பார்த்தார்கள், மறுபடி பெயின்ட் அடித்தார்கள், வேறு படையணிக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் நிறமோ அடையாள எழுத்தோ மாறியிருக்கலாம். ஒரே விமானத்தின் ஜூன் மாதத் தோற்றமும் அக்டோபர் மாதத் தோற்றமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

நம் எடுத்துக்காட்டுக்கு 234ஆவது படையணியை எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் விமானப்படையில் அதன் முழுப் பெயர் 234 'மதறாஸ் பிரசிடென்சி' படையணி. மதறாஸ் மாகாணத்தில் திரட்டிய போர் நிதியை ஒட்டி அந்தப் பெயரைத் தாங்கிய படையணிகள் மூன்று: ஹரிக்கேன் ஓட்டிய 79, டிஃபையன்ட் ஓட்டிய 264, ஸ்பிட்ஃபயர் ஓட்டிய 234. மூன்றும் 1940இல் ஜெர்மன் விமானப்படைக்கு எதிராக நடந்த பிரிட்டன் வான்போரில் பறந்தவை. 234இன் இலத்தீன் முழக்கத்துக்கு 'தீயையும் சாவையும் உமிழ்கிறோம்' என்று பொருள். ஸ்பிட்ஃபயர் என்ற பெயருக்குப் பொருத்தமான முழக்கம். அந்தப் படையணியின் குறியெழுத்து ஏஇசட்.

அந்தப் படையணியில் பாப் டோ என்ற இளம் விமானி இருந்தார். அவர் ஓட்டிய விமானங்களில் ஒன்றின் தயாரிப்பு எண் எக்ஸ்4036. பக்கவாட்டில் ஏஇசட்-டி என்ற எழுத்து. படையணி 1940 ஆகஸ்ட் நடுவில் தென் இங்கிலாந்தின் மிடில் வாலப் தளத்துக்கு வந்தது; செப்டம்பர் 11ஆம் தேதி வாக்கில் மறுபடி கார்ன்வாலின் செயின்ட் ஈவல் தளத்துக்குத் திரும்பியது. இடைப்பட்ட அந்த நான்கு வாரங்களில் படையணி பெரும் விலை கொடுத்தது. அதன் ஆஸ்திரேலிய வீரர் பாட் ஹியூஸ் செப்டம்பர் 7ஆம் தேதி உயிரிழந்தார். ஆக, நம் விமானம் எக்ஸ்4036, நாள் 1940 செப்டம்பர் முதல் வாரம். இதை ஒரு காகிதத்தில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். இனி எடுக்கப்போகும் ஒவ்வொரு முடிவையும் இந்த வரியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த வருடத்தில் என்ன மாறியது

வாங்கப்போகும் டெக்கால் தாளில் உள்ள தவறுகளைக் கண்டுபிடிக்க உதவுவது இந்தப் பகுதிதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்துக்கு ரவுண்டல் என்று பெயர். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் இருந்தால் ஏ வகை. அதைச் சுற்றி மஞ்சள் வளையமும் இருந்தால் ஏ1 வகை. வெள்ளை இல்லாமல் சிவப்பும் நீலமும் மட்டும் இருந்தால் பி வகை. 1940 கோடையில் ஸ்பிட்ஃபயரின் இறக்கை மேல்பக்கத்தில் பி, உடல் பக்கவாட்டில் ஏ1, இறக்கை அடிப்பக்கத்தில் வட்டம் இருந்தால் ஏ.

உடலில் உள்ள மஞ்சள் வளையமும் வாலில் உள்ள மூவண்ணப் பட்டையும் 1940 மே மாத உத்தரவில் வந்தவை. தொடக்கத்தில் ஆளுக்கொரு விதமாக வரைந்தார்கள். பழைய வட்டத்தைச் சுற்றி மெல்லிசாக மஞ்சள் கோடு இழுத்த விமானமும் உண்டு. வால் முழுவதும் பட்டை அடித்த விமானமும் உண்டு. ஆகஸ்டில் வால்பட்டைக்கு 24 அங்குல அகலம், 27 அங்குல உயரம் என்று அளவு நிர்ணயித்தார்கள்.

அடிப்பக்கத்தில் நடந்த மாற்றம் இன்னும் பெரியது. போர் தொடங்கியபோது ஸ்பிட்ஃபயரின் அடிப்பக்கம் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. விமானியின் இடக்கைப் பக்கம் கறுப்பு. தரையில் இருக்கும் பீரங்கிப் படை தன் விமானத்தை அடையாளம் காண அந்த ஏற்பாடு. 1940 ஜூனில் அது போய், 'ஸ்கை' என்ற வெளிறிய பச்சை வந்தது. அந்தச் சாயம் எல்லாத் தளங்களுக்கும் உடனே கிடைக்கவில்லை. கையில் இருந்ததைக் கலந்து அடித்தார்கள். ஆகவே ஜூன், ஜூலை மாத விமானங்களின் அடிப்பக்கம் நீலம் கலந்து இருந்திருக்க இடமுண்டு. ஸ்கை வந்தபோது அடிப்பக்க ரவுண்டலை எடுத்துவிட்டார்கள். ஆகஸ்ட் மாதம் மறுபடி போடச் சொன்னார்கள்.

நவம்பர் இறுதியில் இன்னொரு உத்தரவு. விமானத்தின் மூக்கில் விசிறியின் மையத்தை மூடியிருக்கும் ஸ்பின்னருக்கும் ஸ்கை நிறம். வாலுக்கு முன்னால் உடலைச் சுற்றி 18 அங்குல அகலத்தில் ஸ்கை வளையம்.

இப்போது நம் நாளை இதன்மேல் வைத்துப் பாருங்கள். செப்டம்பர் முதல் வாரம் என்பதால் அடிப்பக்கம் ஸ்கை. ரவுண்டல் மறுபடி வந்த பிறகான காலம் என்பதால் அடியிலும் ஏ வகை வட்டம் இருக்க வாய்ப்பு அதிகம். நவம்பர் உத்தரவுக்கு முன்னால் என்பதால் ஸ்பின்னர் கறுப்பு. வாலருகே வளையம் இல்லை. ஒரு டெக்கால் தாள் நம் விமானத்துக்கு வளையத்தைக் கொடுத்திருந்தால் அதன்மேல் சந்தேகம் வர வேண்டும். நான் கட்டிய முதல் ஸ்பிட்ஃபயரும் செப்டம்பர் மாத விமானம்தான். தாளில் வளையம் இருந்தது, ஒட்டிவிட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு புத்தகத்தில் இந்த நவம்பர் உத்தரவைப் படித்தபோது மனம் கனத்துப்போனது. புத்தகம் வாங்கிவிட்டுத்தான் டெக்கால் வாங்க வேண்டும் என்ற வரிசையை அன்று கற்றுக்கொண்டேன். அதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

மேல்பக்க உருமறைப்பு மண் பழுப்பும் கரும்பச்சையும் கலந்தது. அதில் ஏ, பி என்று இரண்டு வடிவங்கள் இருந்தன. ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். கிட் பெட்டி பெரும்பாலும் ஒன்றை மட்டும் காட்டும். நம் விமானத்துக்கு எது என்பதைப் புகைப்படம்தான் சொல்ல வேண்டும்.

எந்தப் புத்தகம் எதற்கு

ஸ்பிட்ஃபயர் பற்றிய புத்தகம் என்றாலே மாடல் கட்ட உதவும் என்று நினைக்க வேண்டாம். போரின் வரலாற்றைச் சொல்லும் தடித்த நூல்கள் படிக்க அருமையாக இருக்கும். ஆனால் விசிறியின் நிறத்தை அவற்றில் தேடினால் கிடைக்காது. மாடல்காரருக்கு வேண்டியவை வேறு.

ஒரே விமான வகையை எடுத்துக்கொண்டு அலசும் தனிநூல்கள் ஒரு வகை. அளவு வரைபடம், உட்பகுதிப் படங்கள், மார்க் 1க்கும் மார்க் 2க்கும் உள்ள வேறுபாடு இவையெல்லாம் அவற்றில் இருக்கும். முதலில் ஒரே ஒரு புத்தகம் வாங்கப் பணம் இருக்கிறது என்றால் இந்த வகையில் வாங்குங்கள். வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள். ஸ்பிட்ஃபயர் மார்க் 1இன் இறக்கை விரிவு 36 அடி 10 அங்குலம், நீளம் 29 அடி 11 அங்குலம். உண்மை விமானத்தில் 72இல் ஒரு பங்கான 1/72 அளவில் இது ஏறத்தாழ 15.6 செ.மீ., 12.7 செ.மீ.; 1/48 அளவில் 23.4 செ.மீ., 19 செ.மீ. புத்தகத்தின் வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். அச்சில் சுருங்கிய வரைபடங்கள் நிறைய உண்டு. வரைபடம் தப்பாக இருக்க, கிட்டைக் குறை சொல்லிக்கொண்டு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வண்ணப் பக்கத் தோற்றங்கள் நிறைந்த புத்தகங்கள். ஆஸ்ப்ரே பதிப்பகத்தின் வான்வீரர் வரிசை போன்றவை இந்த இனம். கையில் எடுத்தால் வைக்க மனம் வராது, அவ்வளவு அழகு. ஆனால் அந்த ஓவியம் சாட்சியமல்ல. ஒரு புகைப்படத்தில் விமானத்தின் பின்பாதி மட்டும் தெரிந்திருக்கும். முன்பாதியை ஓவியர் தன் அறிவால் நிரப்பியிருப்பார். நல்ல புத்தகம் ஓவியத்துக்குப் பக்கத்திலேயே அந்தப் புகைப்படத்தையும் அச்சிட்டிருக்கும். அப்படிப்பட்டதைத் தேர்ந்தெடுங்கள்.

தயாரிப்பு எண் பட்டியல் தரும் நூல்கள் மூன்றாவது வகை. மார்கனும் ஷாக்லடியும் சேர்ந்து எழுதி 1987இல் வந்த ஸ்பிட்ஃபயர் வரலாற்று நூல் இதில் பேர்போனது. எக்ஸ்4036 போன்ற ஒரு எண்ணைத் தேடினால் அது எந்தப் படையணிக்குப் போனது, என்ன ஆனது என்று சுருக்கக் குறிப்பு கிடைக்கும். கனத்த புத்தகம், விலையும் கனம்; தொடக்கத்தில் சொந்தமாக வாங்க வேண்டிய தேவையில்லை. ஆனால் இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது என்று தெரிந்திருந்தால்தான் 'இந்த எண் அந்த மாதத்தில் அந்தப் படையணியில் இருந்ததா' என்ற கேள்வியே எழும்.

விமானிக்கு அக்காலத்தில் கொடுத்த கையேடுகளையும் மறந்துவிடாதீர்கள். ஸ்பிட்ஃபயர் மார்க் 1க்கான கையேட்டின் எண் ஏ.பி.1565ஏ. மறுபதிப்புகள் கிடைக்கின்றன. விமானி அறையில் எந்தக் கருவி எங்கே இருந்தது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் நூல் இல்லை.

அருங்காட்சியக விமானங்களை நெருங்கி நின்று எடுத்த படத் தொகுப்புகள் சக்கரக்கூடு, குழாய், ஆணி, மூடி இவற்றைப் பார்க்க உதவும். நிறத்துக்கு அவற்றை நம்ப வேண்டாம். லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் உள்ள ஆர்6915 பிரிட்டன் வான்போரில் பறந்த விமானம்தான். காஸ்ஃபோர்டில், ஹெண்டனில் உள்ள பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகங்களின் விமானங்களும் மதிப்புமிக்கவை. ஆனால் காட்சிக்கு வைக்கும் விமானங்கள் காலப்போக்கில் மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டவை. இன்றும் பறக்கும் பி7350 அவ்வப்போது வெவ்வேறு படையணியின் எழுத்துகளைப் பூண்டுகொள்கிறது. அதன் பளபளக்கும் வண்ணப் படத்தை வைத்து 1940இன் நிறத்தை முடிவு செய்யக் கூடாது.

காசில்லாமல் கிடைப்பதும் உண்டு. இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் அக்காலப் புகைப்படங்களைப் பார்க்கலாம். லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒவ்வொரு படையணியின் அன்றாடப் பதிவேடும் 'ஏர் 27' என்ற தொகுதியில் இருக்கிறது. யார், எந்த எண் விமானத்தில், எத்தனை மணிக்கு ஏறினார்கள் என்று தட்டச்சில் வரிசையாக இருக்கும். முதல் மாடலுக்கு அங்கே போக வேண்டியதில்லை. மூன்றாவது மாடலில் நீங்களாகவே போவீர்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தைப் படிப்பது

1940 புகைப்படத்தில் நிறம் கிடையாது, வெளிச்சமும் கருமையும்தான். அதிலும் ஃபிலிம் வகையைப் பொறுத்து எல்லாம் தலைகீழாகும். ஆர்த்தோகுரோமாட்டிக் என்ற பழைய வகை ஃபிலிமுக்குச் சிவப்பு கண்ணில் படாது. அதில் சிவப்பும் மஞ்சளும் கறுப்பாகத் தெரியும், நீலம் வெளிறித் தெரியும். பான்குரோமாட்டிக் ஃபிலிமில் மஞ்சள் வெளிறியே தெரியும். உடல் ரவுண்டலைச் சுற்றி மஞ்சளே இல்லை, ஏதோ கரிய விளிம்புதான் இருக்கிறது என்று தோன்றும் படம் பெரும்பாலும் முதல் வகை ஃபிலிமில் எடுத்தது.

எந்த ஃபிலிம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? படத்தில் உங்களுக்குத் தெரிந்த நிறத்தைத் தேடுங்கள். வாலில் உள்ள பட்டையில் முன்பக்கம் சிவப்பு, நடுவில் வெள்ளை, பின்பக்கம் நீலம் என்பது தெரியும். சிவப்பு கரியும் நீலம் வெளிச்சமுமாக இருந்தால் ஆர்த்தோ. அதன்பிறகு மற்ற இடங்களைப் படியுங்கள்.

இன்னொன்று: படம் காட்டாத பக்கத்தை ஊகிக்காதீர்கள். இடப்பக்கத்தில் ரவுண்டலுக்கு முன்னால் படையணி எழுத்து வந்தால் வலப்பக்கத்திலும் அப்படியே வரும் என்று விதியில்லை. படையணிக்குப் படையணி வழக்கம் மாறும். 'மதறாஸ்' என்ற பெயரைக்கூட ஆசைக்காக விமானத்தின்மேல் எழுதிவிட வேண்டாம். அந்த நாளில், அந்த விமானத்தில் அது இருந்ததாகப் படம் காட்டினால் எழுதுங்கள்.

டெக்கால் தாளை அளந்து வாங்குங்கள்

கிட்டுடன் வரும் டெக்கால் இப்போதெல்லாம் மோசமில்லை. இத்தாலியின் கார்ட்டோகிராஃப் அச்சிட்டது என்று தாளின் ஓரத்தில் இருந்தால் மெலிதாகவும் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று நகராமலும் இருக்கும். நமக்கு வேண்டிய விமானம் கிட்டில் இல்லாதபோதுதான் தனித் தாள் வாங்க வேண்டும். எக்ஸ்ட்ராடெக்கால், டெக்மாட் போன்ற பெயர்களைக் கேள்விப்படுவீர்கள்.

வாங்கும்போது மூன்று விஷயம் பார்க்க வேண்டும். அளவு 1/72ஆ 1/48ஆ என்பது முதலாவது. தவறி வாங்கினால் பயனே இல்லை. தாளில் முழுத் தொகுதி இருக்கிறதா என்பது அடுத்தது. பல தனித் தாள்களில் படையணி எழுத்தும் எண்ணும் மட்டும் இருக்கும். ரவுண்டலும் சிறு வாசகங்களும் கிட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, அச்சுத் துல்லியம். வெள்ளை வட்டத்தின் ஒரு பக்கம் பிறை போல அதிகமாகத் தெரிந்தால் அச்சு நகர்ந்திருக்கிறது. அதை ஒட்டிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

இனி ஸ்கேலை எடுங்கள். அங்குலத்தை 25.4ஆல் பெருக்கி, மாடல் அளவால் வகுத்தால் மில்லிமீட்டர் வரும். ஸ்பிட்ஃபயரின் உடலில் உள்ள 35 அங்குல ஏ1 ரவுண்டல் 1/72இல் 12.3 மி.மீ., 1/48இல் 18.5 மி.மீ. அதன் நான்கு வட்டங்களின் விட்டம் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். அதாவது சிவப்பு 5 அங்குலம், வெள்ளையின் வெளிவிளிம்பு 15, நீலம் 25, மஞ்சள் 35. சிவப்புப் பொட்டு பெரிதாக வீங்கியிருந்தால் தாள் தவறு. இறக்கை மேலுள்ள 56 அங்குல பி வகை 1/72இல் 19.8 மி.மீ., 1/48இல் 29.6 மி.மீ. வால்பட்டை 1/72இல் 8.5க்கு 9.5 மி.மீ., 1/48இல் 12.7க்கு 14.3 மி.மீ. எண் எழுத்தின் உயரம் 8 அங்குலம்; 1/72இல் 2.8 மி.மீ. அரை மி.மீ. வித்தியாசத்துக்குக் கவலைப்பட வேண்டாம். ஒன்றரை மி.மீ. தப்பினால் கண்ணில் உறுத்தும்.

ஒட்டும் முறை

சின்ன வயதில் பபிள்கம்மோடு வந்த தண்ணி ஸ்டிக்கரைக் கையில் ஒட்டியிருப்பீர்கள். படத்தைக் கவிழ்த்துப் போட்டு, முதுகில் தண்ணீர் தடவி, தாளை உரிப்போம். டெக்கால் அதற்கு நேர்மாறு. படம் மேல்நோக்கியே இருக்கும். அடியில் உள்ள பசை தண்ணீரில் இளகியதும் தாளிலிருந்து வழுக்கி மாடல்மேல் இறங்கும். இந்த வேறுபாட்டை மனதில் வையுங்கள்.

முதல் வேலை பளபளப்பு. மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட்டின் மேற்பரப்பு உப்புத்தாள் போலச் சொரசொரப்பானது. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதன்மேல் டெக்கால் உட்கார்ந்தால் குழிகளில் காற்று மாட்டிக்கொள்ளும். காய்ந்ததும் எழுத்தைச் சுற்றியுள்ள தெளிந்த படலம் வெள்ளிபோல மின்னும். இதற்கு சில்வரிங் என்று பெயர். புதியவர்களின் மாடலை அடையாளம் காட்டிவிடுவது இதுதான். ஆகவே பெயின்ட் நன்றாகக் காய்ந்ததும் முழு மாடலுக்கும் கிளாஸ் வார்னிஷ் அடித்து, குறைந்தது ஒரு நாள் விட்டுவிடுங்கள். ஒரே கனத்த பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சு மேல்.

பிறகு தேவையான படத்தை மட்டும் கத்தியால் விளிம்பை ஒட்டி வெட்டுங்கள். ஒரே நேரத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துப் பதினைந்து விநாடி நனைத்து, இடுக்கியால் எடுத்து டிஷ்யூமேல் வையுங்கள். தண்ணீரிலேயே மிதக்க விட்டால் பசை முழுதும் கரைந்து போகும். ஒரு நிமிடம் பொறுத்து, விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள்; படம் தாள்மேல் நகர்ந்தால் தயார். நகரவில்லையா, இன்னும் கொஞ்சம் பொறுங்கள். நகத்தால் கிளப்பக் கூடாது.

ஒட்டும் இடத்தில் ஒரு துளி செட்டர், அதாவது டெக்கால் நன்றாகப் பிடிக்க உதவும் திரவம், தடவுங்கள். மைக்ரோஸ்கேல் நிறுவனத்தின் மைக்ரோ செட், ஜப்பானின் மிஸ்டர் மார்க் செட்டர் இவையெல்லாம் இந்த வேலைக்கு. மைக்ரோ செட்டில் புளிக்காடி வாசனை வரும். டெக்கால் தாளை இடத்துக்குப் பக்கத்தில் வைத்து, ஈர பிரஷ்ஷால் படத்தைத் தாளிலிருந்து மாடல்மேல் தள்ளுங்கள். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை நகர்த்தலாம். இடம் சரியானதும் காது குடையும் பஞ்சுக் குச்சியை லேசாக நனைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக உருட்டி தண்ணீரையும் காற்றையும் வெளியேற்றுங்கள். தேய்க்கக் கூடாது, உருட்ட வேண்டும். கோடை நாளில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து இதைச் செய்யாதீர்கள்; நகர்த்துவதற்குள் காய்ந்துவிடும்.

வரிசையும் முக்கியம். பெரிய ரவுண்டலை முதலில் ஒட்டுங்கள். அதை வைத்துத்தான் படையணி எழுத்தின் இடத்தை அளக்க முடியும். எழுத்தின் அடி, விமானத்தின் பறக்கும் நிலைக்கு இணையாக இருக்க வேண்டும். மேசைமேல் நிற்கும்போது ஸ்பிட்ஃபயரின் மூக்கு தூக்கியிருக்கும். அதைப் பார்த்து நேராக்கினால் பிறகு எழுத்து சரிந்து தெரியும். வால்பட்டையில் இரு பக்கமும் சிவப்பு முன்னோக்கி இருக்கிறதா என்று ஒட்டும் முன் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

படம் உட்கார்ந்து பத்து நிமிடம் ஆனதும் சாஃப்டனர். மைக்ரோ சால், மிஸ்டர் மார்க் சாஃப்டர் போன்றவை. இது படலத்தை இளக்கி, தகடுகள் சேரும் கோடுகளுக்குள் இறங்கச் செய்யும். தடவியதும் டெக்கால் சுருங்கி, நெளிந்து, பார்க்கவே பயமாக இருக்கும். அந்த நேரத்தில் கை வைக்கவே கூடாது. தொட்டால் கிழியும், விட்டால் அரைமணியில் தானாகப் படிந்துவிடும். படியாத இடத்தில் இரண்டாம் முறை தடவலாம். காற்றுக் குமிழ் நின்றால் புதிய பிளேடு நுனியால் குத்தி, ஒரு துளி சாஃப்டனர் விடுங்கள். தகட்டுக் கோட்டின்மேல் விறைத்து நிற்கும் படத்தைக் கோட்டோடு ஒரு கீறல் கீறி மறுபடி தடவினால் அமரும். சாஃப்டனரின் வீரியம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தாளில் உபயோகப்படாத ஒரு படத்தை எடுத்து வீணான பிளாஸ்டிக் துண்டில் முதலில் சோதியுங்கள்.

எல்லாம் ஒட்டி ஒரு இரவு கழிந்ததும் சுத்தமான தண்ணீரில் நனைத்த துணியால் மாடலை மெல்லத் துடையுங்கள். பசையின் மிச்சம் பழுப்புக் கறையாக நிற்கும்; வார்னிஷ் போட்டபின் அதை எடுக்க முடியாது. அதன்பிறகு இன்னொரு மெல்லிய கிளாஸ் பூச்சு, கோடுகளுக்கு அழுக்கு நிறம், கடைசியாக மேட் பூச்சு. மழை நாளில் மேட் வார்னிஷ் அடிக்காதீர்கள். காற்றில் ஈரம் அதிகமானால் பூச்சு பால்போல வெளுத்துவிடும்.

பழைய தாள் கிடைத்தால்

பத்திருபது வருடப் பெட்டி கைக்கு வந்தால் அதன் டெக்கால் மஞ்சளித்திருக்கும். பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சன்னல் கண்ணாடியில், படம் வெயிலைப் பார்க்க ஒட்டிவையுங்கள். சில நாள்களிலோ வாரங்களிலோ மஞ்சள் குறையும். அதைவிடப் பெரிய ஆபத்து, தண்ணீரில் போட்டதும் அப்பளம்போல நொறுங்குவது. தேவையில்லாத ஒரு எழுத்தை நனைத்துப் பாருங்கள். நொறுங்கினால் தாள் முழுவதும் மைக்ரோஸ்கேலின் திரவ டெக்கால் படலத்தையோ மெல்லிய கிளாஸ் வார்னிஷையோ பூசிக் காயவைத்துவிட்டுத்தான் மற்றவற்றைத் தொட வேண்டும். அப்படிப் பூசிய பிறகு படங்களுக்கு இடையில் படலம் தொடர்ந்து இருக்கும். ஆகவே ஒவ்வொன்றையும் விளிம்பை ஒட்டி வெட்ட வேண்டும்.

மிச்சமான டெக்கால்களைத் தூக்கிப் போடாதீர்கள். மேல்தாளோடு சேர்த்து ஜிப் உறையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றையும் போட்டு, புத்தகத்துக்குள் தட்டையாக வைத்துவிடுங்கள். அடுத்த விமானத்தில் ஒரு ரவுண்டல் கிழியும்போது அதன் அருமை தெரியும். மேசைக்கு மேலே ஒட்டிய அந்தக் காகிதத்தை இப்போது எடுத்து, எக்ஸ்4036, 1940 செப்டம்பர் முதல் வாரம் என்ற வரிக்குக் கீழே எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தை, எந்தப் படத்தை நம்பி என்ன முடிவு எடுத்தீர்கள், எதை ஊகித்தீர்கள் என்று எழுதிக் கிட் பெட்டிக்குள் போட்டுவையுங்கள். பிறகு ஒருநாள் புதிய புகைப்படம் ஒன்று கண்ணில் பட்டால், எந்த டெக்காலை மாற்ற வேண்டும் என்று அந்தக் காகிதம் சொல்லும்.